வண்டிக்குள் மறையும் நீர்

திருநாளுக்கு ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் எழுந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் முதலில் நாடுவது ரயில்வண்டியைத்தான். தில்லி, கொல்கத்தா, மும்பை, நாகபுரி என்று எங்கே குடியிருந்தாலும், பல வாரங்கள் முன்னதாகவே முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்போர் பட்டியலில் நம் பெயர் நகருகிறதா என்று நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது நமக்குப் பழகிப்போன சடங்கு. 2023ஆம் ஆண்டின் இறுதியில் எங்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. எங்களுடன் தில்லியில் வசிக்கும் அம்மாவுக்கு அவ்வாண்டு இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ரயில் பெட்டியின் படிகளில் ஏறுவதும், ஆடுகின்ற வண்டியில் நள்ளிரவில் எழுந்து நடப்பதும் அவரால் இயலாதவை. விமானத்துக்கு அவர் இசையவில்லை. மன்னார்குடிக்கு அருகில் உள்ள தம் பிறந்த ஊரில் பொங்கல் பானை பொங்குவதை இன்னும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். "வண்டி இருக்கிறதே, அதில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மெல்லப் போவோம்" என்றார். நாங்களும் வாக்களித்துவிட்டோம்.

வாக்களித்த பின்னர்தான் வண்டியின் குறை எங்கள் கண்ணில் பட்டது.

எங்கள் வண்டி 2012இல் வாங்கிய பெட்ரோல் கார். அதன் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர், அதாவது மெக்கானிக்குகள் கூலண்ட் என்று சொல்லும் இளஞ்சிவப்புத் திரவம், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெளியிலிருந்தே காணும்படி இருக்கிறது. தொட்டியின் மேல் இரண்டு கோடுகள். கீழ்க்கோட்டுக்கு மேலே நீர்மட்டம் நிற்க வேண்டும். நவம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் மட்டம் அக்கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அரை லிட்டர் ஊற்றினோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மீண்டும் அதே நிலை. வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இரவு முழுவதும் வண்டியை நிறுத்திப் பார்த்தோம். காலையில் தாள் உலர்ந்தே கிடந்தது. வெப்பமானியின் முள்ளோ ஒருநாளும் நடுவை விட்டு நகரவில்லை.

வண்டி ஓடுகிறது, முள் நடுவில் நிற்கிறது, பின் என்ன கவலை என்று எண்ணுவது இயற்கை. நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணி, குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம். இது இருவகையில் பிழை. முதலாவது, கூலண்ட் என்பது வெறும் சாயமிட்ட தண்ணீர் அன்று. எதிலீன் கிளைக்கால் என்னும் பொருளும், துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்துகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. தண்ணீரை ஊற்ற ஊற்ற அவை நீர்த்துப்போகும். அதிலும் நம்மில் பலர் வாழும் நகரங்களில் நிலத்தடி நீர் உப்பு மிகுந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகின்ற அதே சுண்ணப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழல்களிலும் படியும். இரண்டாவது பிழை இதைவிடப் பெரிது. வெப்பத்தை அளக்கும் கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். மட்டம் மிகவும் இறங்கி, கருவியைச் சுற்றி நீருக்குப் பதில் ஆவியும் காற்றும் நின்றுவிட்டால், இயந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதே முள் சாதுவாக நிற்கக்கூடும். ஆகவே முள்ளை மட்டும் நம்பி இருப்பது அபாயம்.

இவ்விடத்தில் இந்த அமைப்பைச் சற்று விளக்கவேண்டும். பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகைக்குழாய் வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வெளியே போகிறது. வாட்டர் பம்ப் இந்நீரை இயந்திரத்தின் உட்சுவர்களைச் சுற்றிச் செலுத்துகிறது. 80 பாகைக்குச் சற்று மேல் வெப்பம் ஏறியதும் தெர்மோஸ்டாட் என்ற கதவு தானே திறந்து நீரை ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்கே காற்றுப்பட்டுக் குளிர்ந்த நீர் மறுபடி உள்ளே வருகிறது. இது ஒரு மூடிய சுற்று. நம் வீட்டுப் பிரஷர் குக்கர் நீரை அழுத்தத்தில் வைத்து 120 பாகை வரை கொதியாமல் தாங்கச் செய்வதுபோலவே, தொட்டியின் மூடியும் நீரை ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தில் அடக்கி வைக்கிறது. எங்கள் வண்டி மூடியின்மேல் 1.1 பார் என்று பொறித்திருந்தது. மூடிய சுற்று என்பதால் இதில் நீர் குறைய நியாயமே இல்லை. குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது என்று பொருள். 'கொஞ்சம் குறையத்தான் செய்யும்' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பவேண்டாம்.

குக்கரைக் கூறியதால் இதையும் கூறிவிடுகிறோம். இயந்திரம் சூடாக இருக்கையில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் அடங்கியிருந்த நீர் முழுதும் கொதித்து முகத்தில் பாயும். ஈரத் துணியைப் போட்டுத் திறப்பது பழைய அம்பாசடர் காலத்து வழக்கம். அக்காலத்திலும் அதனால் கை வெந்தவர்கள் உண்டு.

எங்கள் வண்டியைப் பார்த்த முதல் பட்டறையில் மூடியை மாற்றினார்கள். அது தவறன்று. மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தால் நீர் ஆவியாகவே போய்விடும், விலையும் சிறிது. ஆனால் எட்டு நாளில் மட்டம் திரும்பவும் இறங்கியது. இரண்டாவது பட்டறையில், காலையில் வண்டியை முடுக்கச் சொல்லிப் புகைக்குழாயைப் பார்த்தார்கள். வெண்புகை வந்தது. "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இயந்திரத்தை இறக்க வேண்டும், 38,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். சிலிண்டர்த் தலைக்கும் அதன் கீழ் உள்ள உடலுக்கும் இடையே வைத்த தகடு பழுதாகி, குளிர்நீர் எரியறைக்குள் கசிந்து ஆவியாகிப் புகையோடு போகிறது என்பது அவர்கள் கருத்து. தரை ஏன் உலர்ந்திருக்கிறது என்பதற்கும் அது விடை சொன்னது.

அன்றிரவு எங்கள் வீட்டில் உறக்கம் இல்லை. பதினொரு ஆண்டு ஓடிய வண்டி. பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடலாகாது என்ற தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. மிஞ்சிய நான்கு ஆண்டுக்காக 38,000 ரூபாயைக் கொட்டுவதா, வந்த விலைக்கு வண்டியை விற்பதா, அம்மாவிடம் என்ன சொல்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா எதுவும் கேட்கவில்லை. ஊருக்குக் கொண்டுபோக எடுத்து வைத்திருந்த சால்வையை மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்ததை மட்டும் பார்த்தோம்.

மறுநாள் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்லும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னார். "தினமும் வண்டி கிளம்பினதும் வெல்லப் பாகு காய்ச்சுகிற வாசனை வருகிறதே, உங்களுக்கு வரவில்லையா?" என்றார். எங்களுக்கு வரவில்லை. அல்லது, வந்தும் நாங்கள் பொருட்படுத்தவில்லை. கூலண்டில் உள்ள கிளைக்காலுக்கு ஓர் இனிய மணம் உண்டு. அது சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகும்போது பாகு முறுகுவது போன்ற வாசனை எழும். எரியறைக்குள் புகுந்து எரிந்தால் அந்த மணம் பின்னால் புகைக்குழாயில் அல்லவா வரவேண்டும்? முன் இருக்கையில் எப்படி வரும்?

இந்தக் கேள்வி எங்களை வேறு திசையில் திருப்பியது. முன் இருக்கையில் கூலண்ட் மணம் வந்தால் முதலில் ஐயுறவேண்டியது ஹீட்டரை. வண்டிக்குள் வெப்பக் காற்றுத் தரும் ஹீட்டருக்குள்ளும் இதே நீர்தான் ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான மூடுபனி படியும். கால்விரிப்பின் அடியில் ஈரம் கட்டும். விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம், காய்ந்திருந்தது. கண்ணாடியும் தெளிவு. பிறகு வெளிக்காற்றை அடைத்து உட்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்தி ஓட்டினோம். அம்மா, "இப்போது வாசனை இல்லை" என்றார். பொத்தானை விடுத்ததும் மறுபடி வந்தது. ஹீட்டரே ஒழுகினால் உட்காற்றிலும் மணம் இருந்தே தீரும். ஆகவே மணம் முன் கண்ணாடியின் அடியில் உள்ள காற்று வாயில் வழியாக, பானெட்டுக்குள்ளிருந்து வருகிறது. மற்றொன்றும் தெரிந்தது. புறப்பட்ட முதல் கால்மணி நேரம்தான் மணம்; அதன் பின் இல்லை.

வெண்புகையைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. தில்லியின் டிசம்பர் காலையில் அந்த ஆவி குழாயை விட்டு வெளியே வந்ததும் குளிர்ந்து வெண்மையாகத் தோன்றுகிறது. நம் மூச்சே அங்கே வெண்மையாகத்தான் தோன்றும். தெருவில் நின்ற அத்தனை வண்டிகளும் அன்று காலை வெண்புகை விட்டன. வண்டி சூடேறிய பின்னும் அடர்த்தியான வெண்புகை நீடித்தால் மட்டுமே அது ஐயத்துக்கு உரியது. அதுபோலவே எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மோர் நுரைபோல் வெண்மை படிவதைக் காட்டிப் பலர் பயமுறுத்துவார்கள். குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் வண்டிகளில் அதுவும் சாதாரணம். எண்ணெய் அளக்கும் கோலில் எண்ணெயே மோராகி இருந்தால்தான் ஆபத்து. எங்கள் கோலில் எண்ணெய் தெளிவாக இருந்தது.

இந்த விவரங்களோடு கரோல் பாக் பக்கம் ஒரு சந்தில் கடை வைத்திருக்கும் முதிய சர்தார்ஜி ஒருவரிடம் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாஜியின் மூக்கு சரியாகச் சொல்கிறது, ஆனாலும் கேஸ்கட்டைச் சோதித்துவிட்டே மேலே போவோம்" என்றார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, குளிர்ந்திருந்த தொட்டியின் வாயில் பொருத்தி, பின்னர் இயந்திரத்தை ஓட்டிச் சூடேற்றினார். தொட்டியில் எழும் காற்றை அத்திரவத்தின் வழியே இழுத்தார். எரியறை வாயு நீரில் கலந்திருந்தால் அதில் உள்ள கரியமில வாயு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். பத்து நிமிடம் காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிடம் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது என்றால் மிகையாகாது. நீலம் நீலமாகவே நின்றது.

அடுத்து அழுத்தச் சோதனை. சைக்கிள் பம்ப்பைப் போன்ற கைப்பம்ப் ஒன்றில் அழுத்தமானி பொருத்தியிருக்கிறது. மூடியைக் கழற்றி அவ்விடத்தில் இதைத் திருகி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் காற்றடிக்க வேண்டும். அதற்குமேல் அடித்தால் நல்ல குழாயும் கெடும். இயந்திரம் வெதுவெதுப்பாக இருந்தபோது 1.1 பார் அடித்தார். இருபது நிமிடம் முள் அசையவில்லை. மற்றொருவராயிருந்தால், கசிவே இல்லை என்று கூறி எங்களை அனுப்பியிருப்பார். சர்தார்ஜியோ, "மணம் காலையில்தானே வருகிறது? வண்டி இங்கேயே இரவு இருக்கட்டும்" என்றார். இயந்திரம் முற்றும் ஆறிய பின், மறுபடி 1.1க்கு அடித்து வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். காலையில் முள் 0.7இல் நின்றது. இரவுக் குளிரில் காற்றுச் சுருங்குவதால் சிறிது இறங்குவது இயல்பே; ஆயினும் 0.4 பார் இறங்குவதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்கமுடியாது.

இதன் காரணம் பின்னர் விளங்கியது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் உலோகமும் குளிரில் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. குளிர்ந்த நிலையில் விரியும் ஒரு மயிரிழை வெடிப்பு, சூடேறியதும் பொருள் பெருத்துத் தானே மூடிக்கொள்ளும். காலையில் வண்டியை முடுக்கியதும் உள்ளே அழுத்தம் ஏறுகிறது; வெளிப்புறமோ இன்னும் குளிர்ந்திருக்கிறது. அந்தக் கால்மணியில்தான் நீர் வெளியேறுகிறது. பிறகு வெடிப்பு மூடிக்கொள்கிறது; வெளியே வந்த நீர் ஆவியாகிவிடுகிறது. மாலையில் பட்டறைக்குச் சூடாகச் செல்லும் வண்டியில் எவர்தான் இதைக் காண்பார்?

இடத்தைக் கண்டுபிடிக்கச் சர்தார்ஜி ஒரு சாய மருந்தைக் கூலண்டில் கலந்தார். பகல் வெளிச்சத்தில் அது தெரியாது. புற ஊதா ஒளி வீசும் கைவிளக்கில் பச்சை மஞ்சளாக ஒளிரும். மூன்று நாள் காலையும் மாலையும் ஓட்டிவிட்டு இரவில் போனோம். கடை விளக்குகளை அணைத்துவிட்டு, அடித்தட்டைக் கழற்றி, முதலில் ரேடியேட்டரைப் பார்த்தோம், இல்லை. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பம்ப்பின் உட்சீல் தேய்ந்தால் அதன் வழியே நீர் வழிந்து எச்சரிக்கை தரும். அதுவும் காய்ந்திருந்தது. ஹோஸ் குழாய்களின் கிளிப்புகளில் ஒளி இல்லை. கடைசியாகப் பாட்டரியையும் காற்று வடிகட்டிப் பெட்டியையும் கழற்றினார். சிலிண்டர்த் தலையின் ஓரத்தில், கியர் பெட்டிக்கு நேர் மேலே, தெர்மோஸ்டாட்டைத் தாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு இருந்தது. பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியை அதன் அடியில் நீட்டி விளக்கைப் பிடித்தபோது ஒரு மெல்லிய கோடு பளிச்சென்று ஒளிர்ந்தது. அதன் கீழே கியர் பெட்டியின் மேற்புறத்தில் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பள்ளம். அந்தப் பள்ளம் முழுவதும் சாயம் ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், காய்ந்த பாகைப்போல் இளஞ்சிவப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. கசிந்த நீர் முழுதும் அந்தப் பள்ளத்தில் தேங்கி, கியர் பெட்டி சூடேறியதும் அங்கேயே ஆவியாகிவிட்டது. தரையில் விரித்த செய்தித்தாள் ஏன் நனையவில்லை என்பது அப்போது புரிந்தது.

புதிய கூடு கஷ்மீரி கேட் உதிரிபாகச் சந்தையில் 850 ரூபாய்க்குக் கிடைத்தது. ரப்பர் வளையமும் புதிது. கூலி 1,200 ரூபாய். கசிவை அடைப்பதற்கென்று விற்கும் பொடியையோ பசையையோ ஊற்றலாமா என்று நாங்கள் முன்பு கேட்டதற்குச் சர்தார்ஜி சிரித்தார். அது ஓட்டையை மட்டும் அடைக்கும் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது, ஹீட்டரின் நுண்குழல்களையும் அடைத்துவிடும் என்றார். பழைய நீரை வடித்து, கனிமம் நீக்கிய நீரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றி, ஹீட்டரை முழு வெப்பத்தில் வைத்து ஓட்டி, உள்ளே சிக்கிய காற்று முழுவதையும் வெளியேற்றினார். காற்றுக் குமிழ் உள்ளே நின்றுவிட்டால் நீர் நிறைந்திருந்தும் இயந்திரம் காயும். வடித்த நீரைத் தெருவில் விடாமல் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாய்களும் பூனைகளும் நக்கிக் குடித்து மடியும். குழந்தைகள் உள்ள வீட்டில் மீதிப் புட்டியை உயரத்தில் வைக்கவேண்டும். அன்றிரவும் பம்ப்பைப் பொருத்தி வைத்தார். காலையில் முள் 1.05.

இரண்டாவது பட்டறையார் எங்களை ஏமாற்ற எண்ணினார்கள் என்று நாங்கள் கூறமாட்டோம். கேஸ்கட் பழுதாவதும் நடப்பதே. அதுவும் தரையை நனைக்காத கசிவுதான். ஆனால் நீலத் திரவச் சோதனை ஒன்றைச் செய்யாமல் இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னது முறையன்று. நேயர்களில் எவரிடமாவது இவ்வாறு கூறினால், அச்சோதனையைச் செய்து காட்டுங்கள் என்று கேட்பதற்குத் தயங்கவேண்டாம். வேறொரு வகை வண்டிகளும் உண்டு. அவற்றில் அழுத்த மூடி ரேடியேட்டரின் மேலேயே இருக்கும். பக்கத்துப் பாட்டில் வெறும் சேமிப்புக்கு. அவ்வகையில் பாட்டில் நிறைந்திருக்க, ரேடியேட்டர் வெறுமையாக இருப்பதும் உண்டு. ஆகவே ஆறிய இயந்திரத்தில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பார்ப்பது நல்லது.

2024 ஜனவரி 5ஆம் தேதி பனிமூட்டம் விலகிய பிறகு தில்லியை விட்டுப் புறப்பட்டோம். குவாலியர், சாகர், நாகபுரி, ஐதராபாத், அனந்தபூர், சேலம் என்று ஆறு இரவுகள் தங்கி, அம்மாவின் இடுப்பு நோகாதபடி மெல்லச் சென்றோம். தொட்டியின் பக்கத்தில் நீர்மட்டத்துக்கு நேராகக் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தோம். தினமும் காலையில் வண்டியை முடுக்குவதற்கு முன் பானெட்டைத் தூக்கி அதைப் பார்ப்பது எங்கள் வேலை. முதல் கால்மணி நேரம் மூக்கால் பார்ப்பது அம்மாவின் வேலை. நாகபுரிக்கு முன்பு பெஞ்ச் காட்டில், விலங்குகள் அடியில் கடந்து செல்வதற்காகச் சாலையை உயர்த்திக் கட்டியிருக்கும் இடத்தில், "ஏதோ வாசனை வருகிறதே" என்று அவர் சொன்னதும் எங்களுக்கு உயிர் போய்விட்டது. இறங்கிப் பார்த்தால், முன்னால் போன லாரியில் வெல்ல மூட்டைகள்.

பதினோராம் தேதி பிற்பகல் ஊர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை வாய்க்கால் கரையில் வண்டி ஆறி நின்றபோது பானெட்டைத் திறந்து பார்த்தோம். நீர் கறுப்புக் கோட்டிலேயே நின்றது.